கம்பம் பள்ளத்தாக்கின் "சிஸ்டர்"கள் – கண் மருத்துவத் தொழில்நுட்பத்தில் கிராமத்துப் பெண்கள்

மருத்துவமனை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் இருவர்தான். ஒருவர் டாக்டர், இன்னொருவர் நர்ஸ். ஆனால் ரத்தத்தைச் சோதிப்பவர், எக்ஸ்ரே எடுப்பவர், கண்ணுக்குப் பவர் பார்ப்பவர், கண்ணின் பிரஷரை அளப்பவர் என்று இன்னொரு கூட்டம் அங்கே உழைத்துக் கொண்டிருக்கிறது. கருவியை இயக்குவது இவர்கள். அந்தக் கருவி சொல்வதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். இருந்தும் வரலாற்றில் இவர்களைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதில்லை.

தேனி மாவட்டத்தில் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் வந்து சேர்ந்த கதை சுவையானது. கிராமத்துப் பெண்களை ஒரு தொழில்நுட்ப வேலைக்குள் கொண்டு வருவது எப்படி? வந்தவர்களை வளர்ப்பது எப்படி? வளர்ந்தவர்களை வேலையை விட்டுப் போகாமல் தக்க வைப்பது எப்படி? இந்த மூன்று கேள்விகளுக்கும் இங்கே சில விடைகள் கிடைத்திருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பள்ளத்தாக்கும் பெண்களின் உழைப்பும்

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலை. நடுவே பச்சைப் பசேல் என்று விரிந்து கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் வந்த பிறகு இந்த மண்ணில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையும் செழித்தன. நாற்று நடுவது, களை எடுப்பது, திராட்சை பறிப்பது என்று இந்தச் செழிப்புக்குப் பின்னால் இருந்தது பெருமளவு பெண்களின் உழைப்பு. கம்பம், போடி, தேவாரம் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவது இன்றும் நடக்கிறது. கீழே பஞ்சாலைகளிலும் இளம்பெண்கள் வேலை பார்த்தார்கள்.

உழைப்புக்குக் குறைவில்லை, ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு தொழிலின் பெயர் இல்லை! இருபது ஆண்டுகள் களை எடுத்தவரும் நேற்று வந்தவரும் ஒரே கூலிதான் வாங்குவார்கள். அனுபவம் கூடினால் பதவி கூடும் என்ற பேச்சே அங்கே கிடையாது.

தேனியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில்தான் உசிலம்பட்டி இருக்கிறது. 1986ல் அந்தப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகள் நாடு முழுவதையும் உலுக்கின. தமிழக அரசு 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டு வந்தது. பெண் பிறந்தால் செலவு என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலம் அது. பெரியகுளத்தில் 1971லேயே ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் கல்லூரிக் கட்டணமும் பஸ் செலவும் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகுமா? பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு அடுத்தது கல்யாணம் என்பதே பல வீடுகளில் எழுதப்படாத சட்டமாக இருந்தது.

முன்னோடியாக நின்ற நர்ஸ் தொழில்

மருத்துவத் துறையில் தமிழ்ப் பெண்களுக்கு முதலில் திறந்த பெரிய கதவு நர்ஸ் வேலை. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1946ல் அதே வேலூரில் நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. பயிற்சி, பட்டயம், பட்டம், மேற்படிப்பு என்று ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகப் போடப்பட்டன. ஒரு படியில் நிற்பவருக்கு அடுத்த படி எது என்று தெரிந்தது. பதிவுக்கு ஒரு கவுன்சிலும் இருந்தது. ஊர் மாறினாலும் சான்றிதழ் செல்லுபடியானது.

கருவிகளோடு வேலை செய்யும் மற்ற பணியாளர்களுக்கு இப்படி ஓர் ஏணி நீண்ட காலம் அமையவில்லை. கண் மருத்துவத்தில் அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி மதுரையில் தொடங்கியது.

1976: இரண்டு தொடக்கங்கள்

1976ல் மத்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர்களை அமர்த்துவது அதில் ஒரு பகுதி. அதே 1976ல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர் அவர். அவருடைய தங்கை டாக்டர் ஜி. நாச்சியார் தொடக்க காலம் முதலே உடன் இருந்தார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துக் கண் மருத்துவப் பணிக்குப் பழக்கும் ஏற்பாட்டை வளர்த்தெடுத்ததில் பெரும்பங்கு இவருடையது. 2024ல் இவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கண்புரையால் பார்வை இழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், டாக்டர்களோ மிகக் குறைவு. அப்படியானால் டாக்டரின் நேரத்தை எப்படிச் செலவிடுவது? டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை டாக்டர் செய்யட்டும், மற்றதை அதற்கென்றே பயிற்சி பெற்றவர் செய்யட்டும் என்று முடிவானது. பார்வை அளப்பது, பவர் பார்ப்பது, கண் பிரஷர் எடுப்பது, அறுவை அரங்கில் கருவிகளைத் தயார் செய்வது, நோயாளியிடம் பேசி தைரியம் சொல்வது என எல்லாம் தனித்தனிப் பயிற்சிகளாக ஆயின. டாக்டர் ஒரு மேஜையில் அறுவைச் சிகிச்சையை முடிக்கும்போது பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். அரவிந்தின் புகழ்பெற்ற வேகத்துக்கு இந்தப் பெண்களின் கைகளே காரணம் என்றால் மிகையாகாது.

பயிற்சியின் முறை

பிளஸ் டூ முடித்த, 17 முதல் 19 வயதுள்ள கிராமத்துப் பெண்களே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் பொறுமை, இரக்கம், குடும்பச் சூழ்நிலை எல்லாவற்றையும் பார்த்தார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பெற்றோரும் வர வேண்டும். பயிற்சி இரண்டு ஆண்டுகள். முதலில் கண்ணின் அமைப்பு, சுத்தம், நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை ஆகிய அடிப்படைகள். பிறகு ஒரு குறிப்பிட்ட பிரிவில் சிறப்புப் பயிற்சி. கடைசியில் மூத்தவர்களின் மேற்பார்வையில் நேரடி வேலை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. தங்க விடுதி உண்டு. மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் துணிவைக் கொடுத்தன. பெண்களுக்கு வாய்ப்பு கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை என்று சொல்லும் நிறுவனங்கள் பல. வீட்டு வாசலைத் தாண்ட என்னென்ன தடைகள் என்று எண்ணிப் பார்த்து அவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால்தான் அவர்கள் வருவார்கள் என்பதற்கு இது சான்று.

1992ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் நிறுவனமும் இதே வழியில் சென்றது. கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தது. விலையோ 100 டாலர் அளவில் இருந்தது. அதை சுமார் 10 டாலருக்குத் தயாரித்துக் காட்டியது ஆரோலேப். அந்த நுண்ணிய லென்ஸ்களைச் செய்த பணியாளர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள்.

தேனிக்கு வந்த மருத்துவமனை

1985ல் அரவிந்தின் கிளை தேனியில் திறக்கப்பட்டது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, 1996ல்தான் தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இதன் மூலம் பள்ளத்தாக்கின் பெண்களுக்குச் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு வேலையிடம் கிடைத்தது.

இருந்தாலும் ஒரு பிரச்சினை மீதமிருந்தது. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தியும் எல்லோரும் வந்தார்களா? தென் தமிழகத்துக் கிராமங்களில் நடந்து 1999ல் வெளியான ஓர் ஆய்வு அதிர்ச்சியான ஒரு விவரத்தைத் தந்தது. கண் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம் மட்டுமே! ஆண்டுக்கு ஒரு நாள் வரும் முகாம் போதாது, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஓர் இடம் பக்கத்திலேயே வேண்டும் என்பது புரிந்தது. அதே 1999ல் உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 'விஷன் 2020' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. 50,000 பேருக்கு ஒரு பார்வை மையம் என்பது இந்தியாவில் அதையொட்டி வகுக்கப்பட்ட குறிக்கோள்.

ஆனால் ஒவ்வொரு மையத்துக்கும் ஒரு கண் டாக்டருக்கு எங்கே போவது?

வைஃபையும் ஸ்லிட் லேம்பும்

இங்கேதான் தொழில்நுட்பம் கைகொடுத்தது. 2004 முதல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எரிக் ப்ரூவர் குழுவினர் அரவிந்தோடு சேர்ந்து தேனிப் பகுதியில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுக்குள் சுமார் 100 மீட்டர் வரை எட்டும் சாதாரண வைஃபையை 15 கிலோமீட்டர் வரை எட்ட வைப்பதுதான் அந்தச் சோதனை. உயரமான கோபுரங்களில் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி ஆன்டெனாக்களை வைத்தார்கள். ஒரு முனையிலிருந்து அனுப்பிய தகவல் கிடைத்ததா என்ற பதிலுக்குச் சாதாரண வைஃபை மிகக் குறைந்த நேரமே காத்திருக்கும். தூரம் கூடினால் அது குழம்பிவிடும். இந்தக் குறையை மென்பொருளை மாற்றி எழுதிச் சரி செய்தார்கள். 2005ல் இந்திய அரசு இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்ததும் வசதியாகப் போயிற்று.

தேனிக்கு அருகிலுள்ள அம்பாசமுத்திரம் (நெல்லைச் சீமை அம்பாசமுத்திரம் அல்ல), போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி, பெரியகுளம் போன்ற ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. மின்சாரம் ஏறி இறங்கி கருவிகள் பழுதாவது பெரிய தலைவலியாக இருந்தது. வெளிநாட்டு வல்லுநர் வந்து சரி செய்யும் வரை காத்திருக்க முடியாது என்பதால், பராமரிப்பை உள்ளூர் ஆட்களுக்கே கற்றுக் கொடுத்தார்கள். சோதனை நிலையிலேயே நின்று போகும் எத்தனையோ திட்டங்களுக்கு நடுவில் இது நிலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

மையத்தில் இருப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற ஒரு பெண். ஊர் மக்கள் அவரை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கண் மங்கலாகத் தெரிகிறது என்று வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். சிஸ்டர் அவருடைய பார்வையை அளக்கிறார். ஸ்லிட் லேம்பில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பிரஷர் எடுக்கிறார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, தேவைப்பட்டால் சோதிக்கிறார். கேமராவில் கண்ணைப் படம் எடுக்கிறார். எல்லா விவரங்களும் கம்ப்யூட்டர் வழியாகத் தேனிக்குப் போகின்றன. தேனியில் உள்ள டாக்டர் திரையில் பெரியவரோடு பேசி ஆலோசனை சொல்கிறார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே ஏற்பாடு ஆகிறது. அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றால்தான் பெரியவர் தேனிக்குப் பஸ் ஏற வேண்டும். பெரும்பாலோருக்கு அந்தப் பயணமே தேவைப்படுவதில்லை.

டாக்டர் பேசுவது சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் சேகரிப்பவர் சிஸ்டர். அவர் தவறாகப் பார்த்தால் டாக்டரும் தவறாகத்தான் முடிவெடுப்பார். ஆகவே பார்வை மையம் இந்தப் பெண்களின் தகுதியை ஒரு படி உயர்த்தியது எனலாம். பெரிய மருத்துவமனையில் ஒரு பிரிவில் மட்டும் வேலை பார்த்தவர், இங்கே ஒரு மையத்தின் பொறுப்பாளர் ஆனார். தமிழகத்திலும் புதுவையிலுமாக இப்போது இந்த மையங்கள் 100க்கும் மேல் இருக்கின்றன.

மாறியதும் மாறாததும்

இந்த வேலையால் குடும்பங்களில் என்ன மாறியது? மகள் மாதச் சம்பளம் வாங்கினாள். கல்யாணச் செலவுக்கு அவளே சேர்த்தாள், தம்பி தங்கையைப் படிக்க வைத்தாள். ஊரில் பெரியவர்கள் அவளிடம் வந்து ஆலோசனை கேட்டார்கள். பெண் என்றால் செலவு என்ற பழைய கணக்கை இது கொஞ்சமாவது திருத்தி எழுதியது.

மாறாதது கல்யாணத்துக்குப் பின் வரும் நிலை. பயிற்சி முடித்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, திருமணத்தோடு பலர் வேலையை விட்டு விலகினார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதியவர்களைச் சேர்ப்பதால் மருத்துவமனையின் பணி தடைப்படவில்லை. ஆனால் விலகிய பெண்ணின் கதை என்ன? கையில் அருமையான திறமை இருக்கிறது, புகுந்த ஊரில் அதற்கு வேலை இல்லை. தொடர்ந்து இருந்தவர்களில் பலர் மேற்பார்வையாளராகவும் பயிற்சியாளராகவும் உயர்ந்திருக்கிறார்கள். ஆகவே திறமையில் குறை இல்லை. தொடர்ந்து இருக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே பார்வை மையங்கள் இன்னொரு வகையிலும் முக்கியமாகின்றன. வேலை ஊர்களுக்கே வரும்போது, கல்யாணமான பெண்ணும் வீட்டிலிருந்து போய் வரலாம் என்ற வாய்ப்பு பிறக்கிறது. 2017ல் மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்த்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமானது. ஆனால் இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு சிறிய மையத்தில், கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு வருவது? மாமியாரோ அம்மாவோ பார்த்துக் கொண்டால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. பதவி உயர்வைப் பற்றிப் பேசுவோர் இந்தத் தொட்டிலைப் பற்றியும் பேச வேண்டும்.

சான்றிதழ் என்னும் ஏணி

அடுத்தது சான்றிதழ். தேனியில் மருத்துவமனை வந்த அதே 1985ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி தொடங்கியது. அங்கே படித்தவருக்குப் பட்டம் கிடைத்தது. எங்கே போனாலும் அது செல்லும். மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி பெற்ற பெண்ணுக்கு அப்படி அல்ல. அவருடைய திறமைக்கு அந்த மருத்துவமனைக்கு வெளியே சாட்சி சொல்ல ஆள் வேண்டும். அரவிந்தின் பயிற்சிக்கு, கண் மருத்துவத் துணைப் பணியாளர்களுக்கான சர்வதேச அமைப்பு ஒன்றின் அங்கீகாரம் கிடைத்தது இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

பெரிய மாற்றம் 2021ல் வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரம் படித்துப் பட்டயமோ பட்டமோ பெற்றவர் ஒரு நிலை. மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்துப் பட்டம் பெற்றவர் அடுத்த நிலை. கண் மருத்துவத் தொழில்நுட்பப் பணிகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. வேலூரில் நர்ஸுகளுக்கு 1946லேயே கிடைத்த ஏணி, இவர்களுக்கு 75 ஆண்டுகள் கழித்துச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பத்து ஆண்டுகள் ஸ்லிட் லேம்பில் பழகிய ஒரு சிஸ்டர், தன் அனுபவத்தைக் கணக்கில் காட்டி அடுத்த படிக்கு ஏற முடிந்தால்தான் இந்த ஏணி அவருக்கும் உரியதாகும்.

அரசின் உதவியும் காலத்தோடு திசை மாறியிருக்கிறது. 1989ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவியது. 2022ல் அதே அம்மையாரின் பெயரிலேயே அது 'புதுமைப் பெண்' திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துப் பட்டமோ பட்டயமோ படிக்கும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய்! கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குத் திரும்பியது நல்ல மாற்றம். தொழில்நுட்பப் பயிற்சிகளுக்கும் முறையான பட்டய மதிப்பு கிடைத்தால் இந்த உதவி அவற்றில் சேரும் பெண்களையும் எட்டும்.

கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடுமா?

2016ல் சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றி கூகுள் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்குப் பயன்பட்ட படங்களில் அரவிந்த் மருத்துவமனையின் படங்களும் உண்டு. 2019ல் அந்த மென்பொருள் மதுரையில் பயன்பாட்டுக்கு வந்தது. இனி மனிதர் தேவையில்லை என்று சிலர் அவசரப்பட்டார்கள். ஆனால் படம் தெளிவாக இருந்தால்தானே மென்பொருள் சரியாகச் சொல்லும்! வெளிச்சத்தைக் கண்டு கண்ணை மூடும் பாட்டியை அசையாமல் உட்கார வைத்து, நல்ல படம் எடுக்க ஒரு சிஸ்டர் வேண்டும். வைஃபை வந்தபோதும் இதே கதைதான். கருவி வந்து பெண்ணை வெளியேற்றவில்லை, அவருடைய வேலையின் மதிப்பைக் கூட்டியது. ஆனால் ஒவ்வொரு புதிய கருவிக்கும் அவருக்குப் பயிற்சி கொடுத்தால்தான் இது நடக்கும். பயிற்சி புதியவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் மூத்தவர்கள் பின்தங்கிப் போவார்கள்.

முடிவாக

கிராமத்துப் பெண்ணுக்குத் தொழில்நுட்பம் வராது என்ற எண்ணத்தை தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் உடைத்துக் காட்டிவிட்டன. இலவசப் பயிற்சி, உதவித்தொகை, பாதுகாப்பான விடுதி ஆகியவை முதல் கதவைத் திறந்தன. பார்வை மையம் பொறுப்பைக் கொடுத்தது. இனி வேண்டியது எந்த ஊருக்குப் போனாலும் செல்லும் சான்றிதழ், அனுபவத்துக்கு உரிய பதவி, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வர ஒரு வழி. பெரியவர் ஒருவருக்குப் பார்வை திரும்பக் காரணமாக இருக்கும் பெண்ணுக்கு, அவளுடைய எதிர்காலமும் தெளிவாகத் தெரிய வேண்டாமா?